கிளட்ச் மிதிக்காத எம்ஜி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டர்பன் பக்கத்து ஸ்காட்பரோ பழைய கார் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, அங்கே ஒரு ஆட்டோமேட்டிக் எம்ஜிபி ஜிடி (எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கூரை மூடிய வடிவம்) நின்றது என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிந்துவிட்டன. கண்காட்சியில் நாள் முழுக்க வெயிலில் நின்று எடுத்த மற்ற குறிப்புகளை யாரும் சீண்டவில்லை. சரி, இந்த மாதம் முழுக்க இதுதான்.

கேள்வி: அண்ணா, எனக்கு 64 வயது, சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பையனாக இருந்தபோது ஒரு வெள்ளைக்காரர் எம்ஜிபியை கூரை திறந்துபோட்டு ஓட்டிப் போவதைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. இப்போது பென்ஷன் பணம் கையில் இருக்கிறது, பிள்ளைகளும் செட்டில் ஆகிவிட்டார்கள். ஆனால் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஹிக்கின்சன் ஹைவே காலை நெரிசலில் கிளட்ச் மிதித்தால் சாயந்தரம் படி ஏற முடியாது. ஆட்டோமேட்டிக்காகவே பிறந்த எம்ஜி கிடைக்குமா, அல்லது சாதாரண எம்ஜியை வாங்கி மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, 64 வயதுக்காரரைத் தம்பி என்று கூப்பிடுகிற பாக்கியம் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை, அதனால் கூப்பிட்டுக்கொள்கிறேன். முதலில் நல்ல செய்தி. ஆட்டோமேட்டிக் எம்ஜிபி என்று ஒன்று உண்மையிலேயே உண்டு, அது கட்டுக்கதை இல்லை. 1967 கடைசியில் எம்ஜிபியின் இரண்டாம் வடிவம் வந்தபோது, போர்க்-வார்னர் 35 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியை விருப்பப்பட்டவர்களுக்குப் போட்டுக் கொடுத்தார்கள். 1973 வரைக்கும் கொடுத்தார்கள். கெட்ட செய்தி, மொத்தம் செய்தது 1,737 கார்தான் என்று கணக்கு. எம்ஜிபி என்ற கார் 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது, அதில் இவ்வளவுதான். அமெரிக்காவில் இதை விற்கவே இல்லை, அதனால் அங்கே தேடிப் பிரயோஜனமில்லை. ஒரு விதத்தில் அது நமக்கு லாபம், ஏனென்றால் இருக்கிற கொஞ்சத்தில் பெரும்பாலானவை நம் ஊருக்குத் தோதான வலப்பக்க ஸ்டியரிங் கார்கள்.

ஒருவன் உங்களிடம் வந்து "இது ஃபேக்டரி ஆட்டோமேட்டிக்" என்று சொன்னால் கியர் குச்சியைப் பார்த்து நம்பாதீர்கள். எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 18 என்று தொடங்கும் அந்த எண்ணின் முன்பகுதியில் 'ஆர்சி' என்ற எழுத்துகள் இருந்தால் அந்த எஞ்சின் ஆட்டோமேட்டிக்குக்காக வெளியே வந்தது. எஞ்சினையே யாராவது மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், இங்கிலாந்தில் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சேஸி எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் அந்தக் கார் எப்படிப் பிறந்தது என்று ஹெரிட்டேஜ் சர்ட்டிபிகேட் தருவார்கள். நம் ஆட்கள் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்க்க யோசிப்பதில்லை, இதற்கு மட்டும் காசு வீண் என்பார்கள்.

எம்ஜிபி மட்டும்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும். எம்ஜிசி (அதே உடம்பு, மூக்கில் மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர்) ஆட்டோமேட்டிக்கிலும் வந்தது. டிரையம்ப் ஸ்டாக்கில் ஆட்டோமேட்டிக்தான் அதிகம், அதைப் பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறது. டிரையம்ப் டிஆர்7 ஆப்பு மாதிரி இருக்கும், அழகு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது, பழைய பிரிட்டிஷ் கார்களில் விலையும் மட்டு. சன்பீம் ஆல்பைன் நான்காம் வரிசையில், 1964 வாக்கில், கொஞ்ச காலம் கொடுத்தார்கள், அபூர்வம். டெய்ம்லர் எஸ்பி250 என்று மீன் வாய் மாதிரி முகம் கொண்ட ஃபைபர் கார் ஒன்று, அதிலும் உண்டு. ஆனால் எம்ஜிஏ, ஆஸ்டின்-ஹீலி 3000, டிரையம்ப் டிஆர்2 முதல் டிஆர்6 வரை, ஸ்பிட்ஃபயர், இவை எதுவும் ஆட்டோமேட்டிக்காக வெளிவந்ததே கிடையாது. "ஒரிஜினல் ஆட்டோமேட்டிக் டிஆர்6" என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால் போனை வைத்துவிடுங்கள்.

அடுத்தது மாற்றுவது. செய்யலாம். நானே செய்திருக்கிறேன், அதனால்தான் தயங்கச் சொல்கிறேன்.

என்னிடம் 1970 ஜிடி ஒன்று இருந்தது. என் மனைவிக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்ட வரும், அவளும் ஓட்டட்டுமே என்று ஒரு பட்டறையில் விட்டேன். அந்தப் பட்டறையின் பெயர் வேண்டாம், முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய போர்க்-வார்னர் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷமாக இருந்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். பெட்டி மலிவு. ஆனால் அதை எஞ்சினோடு சேர்க்க பெல் ஹவுசிங் வேறு. ஃபிளைவீலும் கிளட்சும் போய் அந்த இடத்தில் மெல்லிய டிரைவ் பிளேட்டும் டார்க் கன்வெர்ட்டரும் வரவேண்டும். கிராங்க்ஷாஃப்ட் முனையில் இருக்கும் சின்ன புஷ்ஷைக் கழற்றவேண்டும். ஸ்டார்ட்டர் வேறு மாதிரி வேண்டும். ப்ராப் ஷாஃப்டின் நீளம் மாறும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் நகரும், ஸ்பீடோமீட்டர் கேபிள் பொருந்தாது. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு ஒரு கிக்டவுன் கேபிள் போகும். ஆக்சிலரேட்டரை நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான், அதன் நீளம் கொஞ்சம் பிசகினாலும் உள்ளே அழுத்தம் குறைந்து, கியர் வழுக்கி வழுக்கி, பெட்டிக்குள் இருக்கும் பேண்ட் பட்டைகளும் கிளட்ச் தகடுகளும் கருகிவிடும். அப்புறம் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகவேண்டும், அதற்கு ஒரு சுவிட்ச். இதை விட்டுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், கார் கராஜ் கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் செய்தார்கள். ஒன்றை மட்டும் விட்டார்கள், ஆயில் கூலர். சின்ன காருக்குக் காற்றே போதும் என்றார்கள். பிப்ரவரி மாதம், ஈரமும் வெயிலும் சேர்ந்து நம்மை அவித்த இட்லி ஆக்குகிற டர்பன் பிப்ரவரி, பைன்டவுனிலிருந்து குளூஃப் போக ஃபீல்ட்ஸ் ஹில் ஏறுகிறேன். பாதி ஏற்றத்தில் கார் உறுமுகிறது, நகரவில்லை, பின்னால் பார்த்தால் ரோட்டில் சிவப்பாக ஒரு கோடு. ரத்தம் மாதிரி. டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய்தான் எண்ணெயைத் தள்ளுகிறது, மெதுவாக ஏற்றம் ஏறும்போது அந்தத் தள்ளலில் பாதி வெறும் சூடாகப் போகிறது, அந்தச் சூடு வெளியேற வழியில்லையென்றால் எண்ணெய் கொதித்து மூச்சுக்குழாய் வழியாக வந்துவிடும். பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருந்த ஒரு புண்ணியவான் கயிறு கட்டி இழுத்துப் போனார். பெட்டியைத் திரும்பவும் பிரித்துக் கட்டியது, கூலர் போட்டது எல்லாம் கூட்டினால் முதலில் பெட்டிக்குக் கொடுத்ததைப்போல மூன்று மடங்கு.

அதற்குப் பிறகு அந்தக் கார் நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் என்2 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எஞ்சின் 3,500 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும், ஏனென்றால் மூன்றாவது கியர் நேர் கியர், அதற்கு மேல் எஞ்சின் சுற்றைக் குறைக்கிற ஓவர்டிரைவ் கிடையாது. இது ஃபேக்டரி ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். 1,798 சிசி எஞ்சினிலிருந்து இந்தப் பெட்டி தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மிச்சத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கும். நீங்கள் ரேஸ் போகப்போவதில்லை என்று நினைக்கிறேன். உம்லாங்காவில் கடலோரமாக ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று, அதற்கு இது தாராளம்.

ஆக உங்களுக்கு என் வார்த்தை, பிறவி ஆட்டோமேட்டிக்கையே தேடுங்கள், ஒரு வருஷம் ஆனாலும் தேடுங்கள். கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கிற ஊரிலிருந்து வந்த வண்டி என்றால் இன்னும் நல்லது. கடற்கரையில் வாழ்ந்த எம்ஜிபிக்குக் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். அந்தக் காருக்குத் தனி சேஸி கிடையாது, சில்தான் முதுகெலும்பு. கியர்பாக்ஸ் கெட்டிருந்தால் கட்டிவிடலாம். சில் போயிருந்தால் பாதி காரை வெட்டி ஒட்டவேண்டும். கூரையில்லாத வண்டியில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், மேலும் கீழும் உரசினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்த இடது முழங்காலை வைத்துக்கொண்டு கார் ஓட்டுவதைப் பற்றி ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காரில் உட்காருவதும் எழுவதும் தரையில் சம்மணம் போட்டு எழுவது மாதிரி, அதற்கு ஆட்டோமேட்டிக் உதவாது.

கேள்வி: அங்கிள், நான் வெருலத்தில் டீச்சர். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய 1965 எம்ஜிபி கராஜில் இருக்கிறது, கூரை திறக்கிற மாடல். அம்மா விற்கச் சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை. என் லைசென்ஸ் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். கன்வெர்ட் பண்ண ஒருவர் ரெடியாக இருக்கிறார், கியர்பாக்ஸை மூடி நடுவில் ஓடும் டனலை மட்டும் கொஞ்சம் வெட்டவேண்டும் என்கிறார். சரி சொல்லலாமா?

பதில்: சொல்லாதே அம்மா.

கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன். அந்த "கொஞ்சம்" என்ற வார்த்தைதான் எனக்குப் பயம். 1967 கடைசியில் இரண்டாம் வடிவம் வந்தபோதுதான் நடுவில் ஓடும் டனலை அகலமாக்கினார்கள், ஆட்டோமேட்டிக் பெட்டி உள்ளே போகவேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். உன் அப்பா வண்டி அதற்கு முந்தையது, டனல் ஒடுக்கம். அதில் போர்க்-வார்னரைத் திணிக்கவேண்டும் என்றால் காலடித் தகட்டை அறுத்து, அகலமாகப் புதுத் தகடு வளைத்து வெல்ட் வைக்கவேண்டும். எஞ்சினின் பின்பக்கத் தகடும் பின்னால் வந்த எஞ்சினுடையது மாதிரி இல்லை. முடியாத வேலை இல்லை, நல்ல கை உள்ளவன் செய்வான். ஆனால் ஒரு தடவை அறுத்துவிட்டால் அது உன் அப்பாவின் கார் இல்லை, அப்பாவின் நம்பர் பிளேட் போட்ட வேறு கார். விலையும் இறங்கும். அதைவிட, பத்து வருஷம் கழித்து உனக்கே வருத்தமாக இருக்கும்.

காரை மாற்றுவதற்குப் பதில் லைசென்ஸை மாற்று. உன் கார்டில் வாகனக் கட்டுப்பாடு என்ற இடத்தில் 1 என்று போட்டிருக்கும், ஆட்டோமேட்டிக் மட்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். மேனுவல் வண்டியில் திரும்பவும் கே53 டிரைவிங் டெஸ்ட் கொடுத்துப் பாஸ் ஆனால் அது போய்விடும். டெஸ்டுக்கு எம்ஜியைக் கொண்டு போகாதே, ஒரு டிரைவிங் ஸ்கூல் சின்னக் காரில் பழகிக்கொள். 1965 எம்ஜிபிக்கு முதல் கியரில் சிங்க்ரோ (ஓடும்போதே பல்லை உரசாமல் சேர்த்துவைக்கிற பாகம்) கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியரில் தள்ளினால் பல் நறநறக்கும். முழுக்க நின்ற பிறகு முதல் கியர். ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) பச்சை விழப்போகிறதென்று உருட்டிக்கொண்டே வந்தால் இரண்டாவதிலேயே இழுத்துவிடும், பழைய எஞ்சின் அதற்குச் சலிக்காது. இரண்டு மூன்று மாதத்தில் கை பழகிவிடும். உன் அப்பா அந்த நறநறப்பைக் கேட்டிருந்தால் திட்டியிருப்பார், பரவாயில்லை.

அதுவரை மாதம் ஒரு தடவை யாரையாவது கூப்பிட்டு வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டச் சொல். சும்மா நின்ற கார்களில் கிளட்ச் தகடு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், பிரேக் சிலிண்டர் இறுகிவிடும். அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல், விற்க அவசரமில்லை. ஆனால் பதிவு மட்டும் இன்னும் அப்பா பெயரில் கிடக்கிறதென்றால் அதை முதலில் முடி. பெயர் மாற்ற ரோட்வர்த்தி சர்ட்டிபிகேட் வேண்டும், ஆக எப்படியும் பிரேக்கும் டயரும் பார்க்கத்தான் போகிறாய்.

கேள்வி: டோங்காட்டில் ஒருவரிடம் டிரையம்ப் ஸ்டாக் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. ஆசையாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் "சூடாகும், சூடாகும்" என்று பயமுறுத்துகிறார்கள். கியர்பாக்ஸ் தாங்குமா?

பதில்: கியர்பாக்ஸைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது, வீடு எரியும்போது ஜன்னல் திரையைப் பற்றிக் கவலைப்படுவது மாதிரி. ஸ்டாக்கின் போர்க்-வார்னர் சாது. பிரச்சினை எஞ்சின்.

1970-இலிருந்து 1977 வரை சுமார் 26,000 கார் செய்தார்கள், மூன்று லிட்டர் வி8. இரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட். தண்ணீர் பம்பை எஞ்சினின் உச்சியில் வைத்தார்கள், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் பம்புதான் காய்ந்து போகும், காய்ந்த பம்பு எதையும் தள்ளாது. பிளாக் வார்த்தபோது உள்ளே தங்கிய மணலும் சேர்ந்து ரேடியேட்டரை அடைத்த கதைகள் உண்டு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருப்பதால், அரிப்பைத் தடுக்கும் கூலண்ட் போடாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டினவன் அலுமினியத்தைக் கரைத்து ரேடியேட்டருக்கு ஊட்டிவிடுவான். நம் ஊரில் பனி விழாது, ஆன்டிஃப்ரீஸ் எதற்கு என்று நினைக்கிறவர்கள் பலர், அதனால் இங்கே வாழ்ந்த ஸ்டாக்கில் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். மூடியைத் திறந்தால் உள்ளே துரு நிறம் என்றால் விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். டைமிங் செயினை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

எஞ்சின் சுத்தமாக இருந்தால் அதை வாங்கலாம் என்றே சொல்வேன். நான்கு பேர் உட்காரலாம், கூரை திறக்கும், பேத்திமாரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பிற்பாடு கையில் காசு சேர்ந்தால், இசட்எஃப் 4எச்பி22 என்ற நான்கு கியர் பெட்டியை ஸ்டாக்கில் போடுவது உலகம் முழுக்க அடிபட்ட பாதை, அடாப்டர் தட்டோடு கிட்டாகவே இங்கிலாந்தில் விற்கிறார்கள். நான்காவது கியரின் விகிதம் 0.73, ஆக அதே வேகத்தில் எஞ்சின் சுற்று கால் பங்குக்கு மேல் குறையும். வான் ரீனன் கணவாய் ஏறி ஜோபர்க் போகிற ஆளுக்கு அது பெரிய நிம்மதி. அந்தப் பெட்டி அந்தக் கால பிஎம்டபிள்யூக்களிலும் ரேஞ்ச் ரோவரிலும் இருந்ததுதான், உள்வேலை தெரிந்த ஆட்கள் டர்பனில் இருக்கிறார்கள். பழைய பெட்டியை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், துணி சுற்றிக் கராஜ் மூலையில் வையுங்கள், காரை விற்கும்போது கூடவே கொடுத்தால் வாங்குகிறவன் சந்தோஷப்படுவான்.

கேள்வி: கியர் எண்ணெய் எது? கடையில் டெக்ஸ்ரான் எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார்கள். – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: எல்லாவற்றுக்கும் போதாது. போர்க்-வார்னர் 35க்கு டைப் எஃப் எண்ணெய். அதில் வழுக்கல் குறைவு, உள்ளே இருக்கும் தகடுகள் அந்தப் பிடிப்பை நம்பிச் செய்யப்பட்டவை. இசட்எஃப் 4எச்பி22க்கும் ஜாகுவாரில் வந்த ஜிஎம் பெட்டிக்கும் டெக்ஸ்ரான். இரண்டும் பார்க்கச் சிவப்புதான், அதனால்தான் கடைக்காரர் ஒன்றென்று நினைக்கிறார். அளவுக் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள், தீய்ந்த தோசை வாசனை வந்தால் எண்ணெய் மாற்றிப் பிரயோஜனமில்லை, பெட்டியைத் திறக்கவேண்டும்.

கேள்வி: ஜோபர்க் பக்கம் லெனேஷியாவிலிருந்து எழுதுகிறேன். பட்ஜெட் கொஞ்சம் தாராளம். ஜாகுவார் இ-டைப் ஆட்டோமேட்டிக், எக்ஸ்ஜே-எஸ், இரண்டில் எது?

பதில்: கொஞ்சம் தாராளம் என்றால் எக்ஸ்ஜே-எஸ். ரொம்பத் தாராளம் என்றால் இ-டைப்.

1966-இல் 2+2 என்று பின்சீட் வைத்து 9 அங்குலம் நீட்டிய இ-டைப் வந்தபோதுதான் ஆட்டோமேட்டிக் போட இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய குட்டை இ-டைப்பில் ஆட்டோமேட்டிக் பார்த்தால் அது பிற்பாடு யாரோ செய்த வேலை. 1971-இல் வந்த வி12 முழுக்க அந்த நீள அடித்தளத்தில்தான், அதனால் கூரை திறக்கும் மாடலிலும் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. ஆனால் அதில் பெரும்பகுதி அமெரிக்கா போன இடப்பக்க ஸ்டியரிங் வண்டி. இங்கே அதைப் பதிவு செய்யப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். பொதுவாகவே வெளிநாட்டிலிருந்து பழைய கார் கொண்டுவர நினைக்கிற எல்லாருக்கும் ஒரு வார்த்தை: ஐடாக் என்ற அரசு வர்த்தக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி கைக்கு வந்த பிறகுதான் காரைக் கப்பலில் ஏற்றவேண்டும். ஏற்றிவிட்டு அனுமதி கேட்பது, தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போவது.

எக்ஸ்ஜே-எஸ் 1975-இலிருந்து 1996 வரை வந்தது, முக்கால்வாசி ஆட்டோமேட்டிக், தேடவே வேண்டாம். அது ஸ்போர்ட்ஸ் காரா என்று கண்காட்சியில் பெரியவர்கள் சண்டை போடுவார்கள், போடட்டும். வி12 மோகம் உங்களை இழுக்கும். அந்த மூடிக்குக் கீழே அடுப்பு மாதிரி, ரப்பர் குழாயும் ஒயரும் வெந்து அப்பளமாக உடையும், பிளக் மாற்றவே ஒரு நாள் ஆகும். 1991-க்கு அப்புறம் வந்த 4 லிட்டர் ஆறு சிலிண்டர் வண்டி போதும் என்பது என் கட்சி. ஒன்று கவனத்தில் வையுங்கள், நீங்கள் இருப்பது கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே. காற்று மெலிசு, டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். டர்பனில் ஓட்டிப் பார்த்து மயங்கி வாங்கிக்கொண்டு போய் வீட்டில் சோம்பலாக இருக்கிறதே என்று எனக்கு எழுதாதீர்கள். சின்ன எம்ஜிபி ஆட்டோமேட்டிக்கை நான் உங்கள் ஊருக்குச் சொல்லாததும் அதனால்தான். ஆனால் உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலக் காரில் துரு குறைவு, டர்பன்காரர்கள் அங்கே வந்து வாங்குவதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் காரில் ஆட்டோமேட்டிக் போடுவது பிரியாணியில் தயிர்சாதம் கலப்பது மாதிரி இல்லையா? ஆம்பிளை ஓட்டுகிற வண்டியா அது? – ஃபீனிக்ஸ்

பதில்: லண்டன் போலீஸ் 1960களில் வேகமாகப் போகிற மோட்டார் சைக்கிள் பையன்களைத் துரத்த டெய்ம்லர் எஸ்பி250 வைத்திருந்தார்கள். கறுப்பு நிறம், இரண்டரை லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக். பிடிபட்ட பையன்கள் யாரும் உங்கள் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொன்று, மேலே முழங்கால் ஆபரேஷன் ஆனவர் எழுதியிருக்கிறார், படித்தீர்களா?

கேள்வி: கன்வெர்ட் செய்தால் பேப்பரில் பிரச்சினை வருமா? – ஐசிபிங்கோ

பதில்: கியர்பாக்ஸ் மட்டும் மாறினால் பதிவில் அதற்கென்று எண் கிடையாது. எஞ்சினும் சேர்ந்து மாறினால் கதை வேறு, புது எஞ்சின் எண்ணுக்குப் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவைத் திருத்தவேண்டும். ரோவர் வி8-ஐயும் அதன் ஆட்டோமேட்டிக்கையும் ஒரேயடியாக எம்ஜிபியில் போடலாம் என்று கிளம்புகிறவர்கள் அந்த எஞ்சினின் பூர்வீகத்தைப் பார்த்து வாங்குங்கள், பில் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இன்சூரன்ஸ்காரருக்கு இரண்டு விஷயத்தையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மோதிய பிறகு சொன்னால் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, எலக்ட்ரிக் மோட்டார் போட்டுவிட்டால் கியரே வேண்டாமே? – டர்பன் நார்த்

பதில்: உண்மைதான், கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. எம்ஜிபியை அப்படி மாற்றுகிற பட்டறைகள் இங்கிலாந்தில் இருக்கின்றன. செலவு அந்தக் காரின் விலையையே தாண்டும், பேட்டரியின் எடை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துக் காரின் நடையே மாறிவிடும். எனக்கு அந்த எஸ்யு கார்புரேட்டர் உறிஞ்சுகிற சத்தம் இல்லாமல் அது எம்ஜியாகத் தோன்றாது. எனக்கு வயசாகிவிட்டது, நீங்கள் போட்டால் ஓட்டிப் பார்க்கக் கூப்பிடுங்கள். காற்று முகத்தில் அடித்தால் போதும், பிரிட்டிஷ் பெயர் முக்கியமில்லை என்றால் ஆட்டோமேட்டிக் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பழசாக வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், இதை இந்தப் பக்கத்தில் சொன்னதற்கு எத்தனை பேர் திட்டப்போகிறார்களோ.

கேள்வி: அண்ணா, ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் இப்போது எதை ஓட்டுகிறீர்கள்? – பெயர் வேண்டாம், மெரிபேங்க்

பதில்: கொரோலா. நம் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்தது. ஆட்டோமேட்டிக். ஜிடியை மருமகனுக்குக் கொடுத்தேன், அவன் போன மாதம் வந்து, "மாமா, இதை மேனுவலாக மாற்ற எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறான்.